ஓட்டைமணி வாத்தியாரும் நண்டின் நைனாவும்

பிள்ளைகளைத் துரத்திய வாத்தியார்கள் இந்தப் பட்டினத்தில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பெற்றவர்களைத் துரத்திய வாத்தியார் ஒரே ஒருவர்தான். அவர் ராயபுரத்தில் இருந்தார். அவரிடம் அகப்பட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. உடைப்புக்கு வந்த ஏதோ கப்பலின் மணியைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, போகுமிடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிவார். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அடித்தால் மணிச் சத்தம் வராது. ஜலதோஷம் பிடித்த எருமை கூப்பிடுவது போல் வரும். ஆகவே ஓட்டைமணி வாத்தியார். அவரும் எங்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டதில்லை. நாலு வயதுக் கண்ணம்மாவைப் பெற்ற ஒரே தகுதியால் நான் 'கண்ணம்மா நைனா'.

காலியாகக் கிடந்த உப்புக் கிடங்கில் சின்னஞ்சிறுசுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். சாயங்காலம் குழந்தைகள் போன பிறகு அதுவே அவருக்கு வீடு. மனைவி, மக்கள் என்று ஒருவரும் கிடையாது. அரிச்சுவடியெல்லாம் அங்கே அப்புறம்தான். முந்தின நாள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ சொன்ன சங்கதி ஒன்றை ஒவ்வொரு குழந்தையும் கொண்டு வர வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதுவார். அதுதான் அன்றைய பாடம்.

அப்பன்களோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், விடியுமுன் கட்டுமரம் தள்ளுகிறவர்கள். அம்மாக்கள் தலையில் மீன்கூடையோடு தண்டையார்பேட்டை வரைக்கும் போகிறவர்கள். இவர்கள் வீட்டில் பேசுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் குழந்தைகள் நேர்மையாகக் கொண்டு வந்து சேர்த்தன.

"உங்க நைனா இன்னாடா சொன்னாரு?"

"கம்முனு கெடன்னாரு, வாத்தியாரே."

வாத்தியார் முகம் மாறாமல் எழுதிப் போட்டார். காலை முழுவதும், "கம்முனு கெட! கம்முனு கெட!" என்று கிடங்கு அதிர்ந்தது. அந்த வழியாக வண்டி தள்ளிக்கொண்டு போன அப்பன்காரன் காதில் அது விழுந்தது. பாய்ந்து வந்தான்.

"இன்னா வாத்தியாரே, இதுக்கா புள்ளைய அனுப்பிகினு கீறோம்? கலீஜா கீதே பாடம்!"

"நீ குட்த்த பாடம்தாம்பா. நல்லதா ஒண்ணு குடு, அத்தையும் எழுதறேன்."

மறுநாள் அந்தப் பையன் கொண்டு வந்தது: 'காக்கா கறுப்பா கீது.' பாவம், மூட்டை தூக்கிய களைப்போடு அவன் அப்பன் எவ்வளவு யோசித்தானோ! வாத்தியார் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றிலும் பூ வரைந்தார்.

ஒன்றுமே கொடுக்காத அப்பன்களைத் தேடி அவரே புறப்படுவார். வேலை விடும் சங்கு ஊதும்போது துறைமுக வாசலில் அந்த எருமை மணி கத்தும். போலீஸைக் கண்டது போல் ஆட்கள் சிதறுவார்கள். ஒருவன் பின்சுவர் ஏறிக் குதித்தான். முன்பே சுற்றி வந்து அங்கே காத்திருந்த வாத்தியார் மேலேயே விழுந்தான். "புள்ளைக்கு ஒரு விடுகதை சொல்லு, எந்திரிக்கலாம்" என்று அவனைப் பிடித்த பிடியில் விடுகதை வாங்கினார்.

என்னைத் தேடி மட்டும் அவர் வரவில்லை. எனக்கு அதில் பெருமை. படித்தவன், கப்பல் கம்பெனிக் குமாஸ்தா, மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் மனைவி காலமாகி இரண்டு வருஷம். காது மந்தமான என் அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கண்ணம்மா விழிக்குமுன் நான் புறப்படுவேன். தூங்கிய பிறகு திரும்புவேன். குழந்தை என்ன உயரம் என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். பாயில் எவ்வளவு நீளம் என்று கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், ஆபீஸுக்குள்ளேயே எருமை கத்தியது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். துரையே ஓடும்போது நாங்கள் உட்கார்ந்திருப்பது மரியாதையா? எல்லோரும் ஓடினோம். காலியான ஆபீஸ் வாசலில் ஓட்டைமணி வாத்தியார் என் சட்டையைப் பிடித்தார்.

"கண்ணம்மா நைனா! கிரேன் இன்னா சொல்லிச்சு?"

"எந்தக் கிரேன்?"

"அதாம்பா, உன் கதை! ஒரு நண்டு ஆர்பருக்கு வந்துச்சு. கிரேன் கையப் பாத்துச்சு, தன் கைய மாதிரியே கீது. 'நீதான் எங்க நைனாவா? கீய எறங்கி வா'ன்னு கூப்ட்டுச்சு. கிரேன் மூட்டைய தூக்கிகினே கீது, பதிலே சொல்லல. நண்டு அங்கியே குந்திகினு கீதாம். மூணு நாளா அது குந்திகினு கீதுப்பா! புள்ளைங்க என்னைப் பேஜார் பண்ணுதுங்க. தெனமும் நீ எம்மாம் ஜோரா கதை சொல்றே, இத்த மட்டும் ஏன் பாதியில வுட்டே?"

"நான் ஒரு கதையும் சொன்னதில்லை, வாத்தியாரே."

அவர் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டார்.

"தெரியும்பா. இத்தினி நாளா அவளே கதை கட்டி, நைனா சொன்னதுன்னு சொல்லிகினா. இதுக்கு மேல அவளுக்குத் தெரியல. இதையாச்சும் நீ சொல்லக் கூடாதா?"

நெருப்பைத் தேடிக்கொண்டிருந்த துரையிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வாசற்படியில் கண்ணம்மா தனியாக உட்கார்ந்து, தன் செருப்புகள் இரண்டையும் எதிரில் நிறுத்தி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நைனா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா?"

"இல்லம்மா." பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்புகள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தன. "அந்த நண்டு இன்னும் அங்கியே கீதா?"

திருட்டு அகப்பட்டது போல் விழித்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். நான் கதையைத் தொடர்ந்தேன்.

"சங்கு ஊதிச்சு. கிரேன் மூட்டைய எறக்கி வெச்சுது. கீய கைய நீட்டி, 'ஏறிக்கோ'ன்னுச்சு."

"அதுக்கு வேலை கீதே?"

"கீது. சங்கு ஊதினா கிரேனும் வூட்டுக்குப் போவ வேணாமா?"

அவளுக்கு அது சரி என்று பட்டிருக்க வேண்டும்; என் மடியில் ஏறிக்கொண்டாள். பாயில் பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குத் தாமதமாகப் போவது என்று துணிந்து, கிடங்கில் நின்று அந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். குழந்தைகளுக்கு நடுவே வாத்தியாரும் தரையில் சம்மணம் போட்டு, மணியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டார். கதை முடிந்ததும், "அப்பால இன்னா ஆச்சு?" என்று முதலில் கேட்டது ஒரு குழந்தையல்ல, அவர்தான். சாயங்காலம் கிடங்கு காலியான பிறகு அவருக்குச் சங்கதி சொல்ல யார் இருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அன்று முதல் வாரத்துக்கு ஒரு கதையாவது அங்கே கொண்டு போய்க் கொடுத்தேன். நான் எழுத்தாளனான விபத்து அப்படி நடந்தது.

வாத்தியார் போய் வெகுகாலம் ஆகிறது. கிடங்கையும் இடித்துவிட்டார்கள். கண்ணம்மா புருஷனோடு எங்கோ தொலைவில், தன் குழந்தைகளைப் பாயில் அளந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ. நான் மட்டும் இந்த வீட்டில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு கதையையும் முடித்துப் பேனாவை வைத்ததும், கொஞ்ச நேரம் சும்மா இருந்து காது கொடுக்கிறேன், அப்பால இன்னா ஆச்சு என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று.