மெத்தைக் கடைப் பயிற்சி குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது உங்கள் மனைவி. என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும், கப்பலும், நீங்கள் எண்ணெய் போடும் இயந்திரங்களும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன விடுமுறையில் பள்ளிக்கூடத்துத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி, ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை, வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். என்ன தாள் என்று கேட்டேன். "பள்ளிக்கூடமும் கடைக்காரங்களும் சேந்து பசங்களை வேலைக்குத் தயார் பண்றாங்க மாமா, நல்ல விஷயம்தான்" என்றீர்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் வாடகை வீட்டு ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துவிட்டு, தண்ணீர்க் குழாய் பற்றிய வரியைத் திருத்தினால்தான் கையெழுத்து என்று நின்றவரும் நீங்கள்தான். குழாய்க்குக் காட்டிய அக்கறை மகனுக்குத் தேவைப்படவில்லை. படித்தவர் நீங்கள், காரணம் இருக்கும்.

திட்டத்தின் தொடக்க விழாவுக்கு நான் போயிருந்தேன். தலைமையாசிரியை அம்மாவும் வணிகர் சங்கத் தலைவரும் ஒரே பேனாவை இருவருமாகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் 'எதிர்காலம்' பதினேழு முறை வந்தது. ஆறு வாரம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடையில் வேலை பழக வேண்டும், கடை முதலாளி வாரம்தோறும் மதிப்பெண் போடுவார், அதிக மதிப்பெண் எடுக்கும் ஒரே ஒருவரை லிஃப்ட் கம்பெனி பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளும் என்றார். அந்த இடத்துக்காகத்தான் உங்கள் மகன் உயிரை வைத்திருக்கிறான். மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், என் காதில் மாட்டும் கருவி என்று இந்த வீட்டில் அவன் பிரித்துப் பார்க்காத பொருள் உங்கள் மாமனார் ஒருவர்தான்.

ஆனால் யாரை எங்கே அனுப்புவது என்பதைப் பள்ளியே முடிவு செய்தது. மருத்துவமனைக்கு ஆசைப்பட்ட பெண்ணை டயர் கடைக்கு அனுப்பினார்கள். டயர் கடைக்காரர் மகனை அழகு நிலையத்துக்கு அனுப்பினார்கள். மோட்டார் பைத்தியமான நம் பையனை மெத்தைக் கடைக்கு அனுப்பினார்கள். "ஆர்வத்தை விரிவாக்குறோம் பெரியவரே" என்றார் தலைமையாசிரியை அம்மா.

மெத்தைக் கடையில் என்ன வேலை என்கிறீர்களா? தூங்க வேண்டும். கேலி இல்லை மாப்பிள்ளை. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெத்தை. காலை பத்து மணிக்குப் படுக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு எழ வேண்டும். "போறவன் வர்றவன் பாத்து, அடடா, என்ன சுகமா தூங்குறான்னு ஏங்கணும், தம்பி" என்று முதலாளி பாடம் நடத்தினார். பாடம் அவ்வளவுதான், அன்றைக்கே முடிந்துவிட்டது. வகுப்பில் தூங்கினான் என்று இதே பையனை இரண்டு வருடத்தில் ஒன்பது முறை வெளியே நிறுத்தியவர் கணக்கு வாத்தியார். அவரைத்தான் இந்தத் திட்டத்துக்கு மேற்பார்வையாளராகவும் போட்டிருக்கிறார்கள். பொருத்தம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

பள்ளியில் கண்ணைத் திறக்காதவனுக்குக் கடையில் கண் மூடவில்லை. "தெருவே நின்னு பாக்குது தாத்தா, எப்படித் தூங்குறது?" என்கிறான். முதல் வாரம் பத்துக்கு மூன்று. கூடவே ஒரு குறிப்பு: 'விழிப்பாக இருக்கிறார். முன்னேற்றம் தேவை.' இதைப் படித்துக் காட்டும்போது உங்கள் மனைவிக்கே அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மூன்றை வைத்துக்கொண்டு லிஃப்ட் கம்பெனி வாசலில்கூட நிற்க முடியாது. அதனால் இரண்டாவது வாரம் நானே கடைக்குப் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பையனின் மனத்தை வேறு பக்கம் திருப்பலாம் என்று, நான் மரக்கிடங்கில் சுமை ஏற்றிய முதல் வருடத்தில் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த லாரி வந்தது, யார் ஓட்டினார், எத்தனை மரம், அதில் எத்தனை வளைந்தவை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது லாரி வாசலைத் தாண்டுவதற்குள் பையன் குறட்டை விட்டான். பக்கத்து மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் மனைவி இருவரும் அப்படியே சாய்ந்தார்கள். எழுந்ததும், இந்த மாதிரி தூங்கி வருடக்கணக்காகிறது என்று அந்த மெத்தையையே வாங்கிக்கொண்டு போனார்கள். "பெரியவரே, நாளைக்கும் வந்துடுங்க. மூணாவது லாரி என்னாச்சுன்னு கேக்குறதுக்குள்ள எனக்கும் கண்ணு சொருகிடுச்சு" என்றார் முதலாளி. கதையின் சுவை அப்படி. இரண்டாவது வாரம் எட்டு, மூன்றாவது வாரம் ஒன்பது, நான்காவது வாரம் பத்துக்குப் பத்து. 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று குறிப்பு.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை, கணக்கு வாத்தியார் மேற்பார்வைக்கு வந்தார். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கமும் கால்பக்கமும் எழும் மோட்டார் கட்டில் ஒன்று கடையில் இருக்கிறது. "சும்மா சோதிச்சுப் பாக்குறேன்" என்று ஷூவைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தார். நான் என் பாட்டுக்கு ஐந்தாவது லாரியில் இருந்தேன். மனிதர் தூங்கிப்போனார். தூக்கத்தில் புரண்டு பொத்தான் மேலேயே படுத்துவிட்டார். தலைப்பக்கம் எழுந்தது, கால்பக்கம் எழுந்தது, கட்டில் மூடப்போகும் புத்தகம் மாதிரி மடங்கி, கடகடவென்று சத்தம் போட்டு, நின்றுவிட்டது. வாத்தியாரின் முழங்கால் வாத்தியாரின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன் சார், வியாழக்கிழமை ஆள் வருவாங்களாம்" என்றார் முதலாளி.

"அதுவரைக்கும் நான் இப்படியேவா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

சத்தத்தில் நம் பையன் விழித்துக்கொண்டான். மின்சாரச் செருகியைப் பிடுங்கினான், சட்டைப் பையில் இருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தான், மூடியைத் திறந்து பல்சக்கரத்தில் சுற்றியிருந்த விரிப்பின் நுனியை உருவி எடுத்தான், மறுபடி செருகினான். நான்கே நிமிடம். வாத்தியார் மெல்ல மெல்ல நேரானார். சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரைக் கேட்டுடா மோட்டாரைத் திறந்த?"

மேற்பார்வைக்கு வந்த வாரத்தில் மதிப்பெண் வாத்தியார் கையிலாம்; அன்றைக்கே அவர் எழுதிய அறிக்கையை உங்கள் மனைவி படித்துக் காட்டினாள். ஒருமுறை கேட்டதே போதும், எழுத்துப் பிசகாமல் சொல்கிறேன்: 'தனக்கு ஒதுக்கப்பட்ட உறக்கத்தைப் பணி நேரத்தில் கைவிட்டு, அனுமதியின்றி மின்மோட்டாரைத் திறந்து, சிக்கியிருந்த துணியை அகற்றி, நான்கு நிமிடத்தில் மீண்டும் இயக்கினார். ஒழுங்கு மீறல். பத்துக்குப் பூஜ்யம்.' தூங்கினால் பத்து, வேலை செய்தால் பூஜ்யம். பிள்ளைகளை எந்த அலுவலகத்துக்குத் தயார் செய்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பையன் "விடுங்க தாத்தா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வீட்டில் இஸ்திரிப் பெட்டி பழுதாகி ஆறு நாளாகிறது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் மாப்பிள்ளை எனக்குத் தாங்கவில்லை. தலைமையாசிரியை அம்மாவை மூன்று முறை பார்த்தேன். "அப்பா எழுதித் தரணும்" என்ற ஒன்றையே மூன்று முறையும் சொன்னார். ஆகையால் இது கிடைத்த நிமிடமே, கப்பல் முத்திரை போட்ட தாளில், அந்த அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டும், பூஜ்யத்தை நீக்க வேண்டும், வாத்தியார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காரமாக எழுதி அனுப்புங்கள். வாத்தியாரைப் பற்றி இந்த இடத்தில் நான் சொன்ன ஒரு சொல்லை எழுத முடியாது என்கிறாள் உங்கள் மனைவி.

உங்கள் பக்கம் கடல் அடங்கி நடக்கட்டும். கப்பல் சமையல்காரர் உப்பை அளந்து போடட்டும். படிக்காத தாள் எதுவும் உங்கள் பேனாவுக்கு எட்டும் தூரத்தில் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்
மாமனார்

பின்குறிப்பு: மேலே சொன்னதில் எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டிய பிறகு லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் அம்மா அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முதலிலிருந்து வேறு எழுத உங்கள் மனைவிக்குக் கை வலிக்கிறதாம், அதனால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கச் சொன்னேன். "அறுபது தாள் அனுப்பியிருக்காங்க. எல்லாத்துலயும் பணிவு, புன்னகை, நேரந்தவறாமைன்னுதான் இருக்கு. ஒரு புள்ள வேலை செஞ்சதா எழுதியிருக்கிறது இது ஒண்ணுலதான்" என்றார். மதிப்பெண் பற்றிக் கேட்டேன். "அது பள்ளிக்கூடம் பாத்துக்கட்டும், ஆளை நாங்க பாத்துக்குறோம்" என்றார். பையன் முதல் தேதியில் சேருகிறான். கம்பெனி கோப்பில் வைக்க அந்த அறிக்கை திருத்தமில்லாமல் வேண்டுமாம். எனவே தலைமையாசிரியைக்கு எழுதுங்கள், ஆனால் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, பூஜ்யம் உட்பட எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் வாத்தியார் கிடைத்தது பள்ளியின் பேறு என்று எழுதுங்கள். மனிதர் இன்னும் கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தால் பையனை நேரே இன்ஜினியராகவே எடுத்திருப்பார்கள்.