சாரி சொன்னால் டாக்டர் வருவார்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் ரயிலில் போய் வரும் சீசன் டிக்கெட் கூட்டத்தில், ஒரே ஒரு பெட்டியில் மட்டும் யாரும் யாரிடமும் ‘சாரி’ சொல்ல மாட்டார்கள். காலை மிதித்தவர் குனிந்து பார்ப்பார். மிதிபட்டவர் பரவாயில்லை என்று கையைக் காட்டுவார். அவ்வளவுதான். புதிதாக ஏறுகிறவர்கள் எங்களை ஏதோ மௌன விரதக் கோஷ்டி என்று நினைத்து, அவர்களும் பயபக்தியோடு உட்கார்ந்து வருவார்கள். பக்தியும் இல்லை, விரதமும் இல்லை. எல்லாம் டாக்டர் பயம்.

டாக்டர் ஊசி போடுகிறவர் இல்லை. கடலூர் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரர், ரயிலில் எதிர் சீட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் தலை மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது. யாராவது ‘சாரி’ என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர்கள் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்பார்.

“எங்க வலிக்குது?”

கிண்டல் இல்லை. நிஜமான விசாரிப்பு. அதனால்தான் ‘டாக்டர்’.

ஒருமுறை எங்கள் மேனேஜர், டாக்டர் தயார் செய்த ஃபைலை எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டு, “சாரிப்பா, இன்னொண்ணு போட்டுடு” என்றார். டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். மேனேஜர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். டாக்டர் என் மேஜைக்கு வந்து நியாயம் கேட்டார்.

“சாரிங்கற வார்த்தைக்கு வேர் எது தெரியுமா சார்? சோர். அப்டின்னா புண்ணு, வலி. சாரோன்னு ஒண்ணு இருக்கு, துக்கம். ரெண்டும் பாக்கறதுக்கு அண்ணந்தம்பி மாதிரி இருக்கும். விசாரிச்சா வேற வேற குடும்பம். பக்கத்துப் பக்கத்துல இருந்து ஒட்டிக்கிச்சு.”

“சரி டாக்டர், இப்ப அதுக்கு என்னா?”

“அந்தக் காலத்துல ஒருத்தன் சாரின்னா எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம். வலிக்குதுன்றவர எங்க வலிக்குதுன்னு கேட்டது தப்பா?”

சட்டப்படி அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. அந்த தைரியத்தில் அவர் மேலே போனார். ஃபோனில் காது கேட்கவில்லை என்றாலும் சாரி, வேலை காலி இல்லை என்றாலும் சாரி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சாரி. போதாததற்கு, இங்கிலீஷ்காரன் சாரியைச் சொல்கிறான், நாம் மட்டும்தான் கேட்கிறோம். “சாரி கேளு, சாரி கேட்டுட்டேன். டீக்கடையில டீ கேக்கற மாதிரி” என்று வருத்தப்பட்டார். பிறகு நாங்கள் டீ கேட்கப் போனோம்.

எல்லா வார்த்தையையும் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் பிடித்தார் என்பதற்கு ரயிலில் ஒரு கதை உண்டு. கல்லூரிக் காலத்தில் ஒரு பெண்ணிடம் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாராம். அவள் படித்துப் பார்த்து, “சாரி” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனாளாம். அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று அன்று சாயங்காலம் அகராதியைப் பிரித்தவர்தான். நிஜமா என்று நான் கேட்டபோது, அவர் மறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அப்ப அவுங்களுக்கும் கொஞ்சம் வலிச்சிருக்கும்ல சார்?” என்றார். இருக்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் வேறு என்ன சொல்வது?

ஒரு மழை நாளில் ரயில் தாமதம். ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் வருந்தியது. டாக்டர் எழுந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“வருந்துறோம்னு சொல்றாங்களே, யாரு சார் வருந்துறது? பாத்து ஆறுதல் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அது மிஷின் சார்.”

“மிஷினுக்கா வலிக்குது?”

“எனக்குத்தான் சார் வலிக்குது. காலையிலேர்ந்து உங்கள மாதிரி எத்தினி பேரு.”

“எங்க?”

ஸ்டேஷன் மாஸ்டர் யோசிக்காமல் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “உண்மையான மனுஷன் சார்” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிள்ளை ஸ்டேஷனில் மீன் கூடையோடு ஏறும் அம்மா ஒருவர், நாங்கள் டாக்டர் டாக்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு, புடவையை லேசாகத் தூக்கி முட்டியைக் காட்டினார். “இங்கதான் டாக்டரு, ரெண்டு மாசமா குத்துது.” டாக்டர் பரவசமாகிவிட்டார். கேட்பதற்கு முன்பே இடத்தைக் காட்டிய முதல் ஆள். மறுநாள் நிஜமான டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அரை நாள் லீவு.

இனி என் கேஸ்.

என் மனைவியின் தம்பிக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். போன வருஷம் புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தான். போனோம், சாப்பிட்டோம். கேசரியில் ஒரு முந்திரிகூட இல்லை. மற்றவர்கள் இதைக் கவனித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறதே. கேசரியைப் படம் எடுத்து, ‘முந்திரி வியாபாரி வீட்டுக் கேசரியில் முந்திரியைக் காணவில்லை. கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம்’ என்று எழுதிச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். இரண்டு நாளில் அது அவன் கடைக்கு வரும் லாரி டிரைவர் வரை போய், அவர் அவனிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்.

அதோடு மச்சான் என்னிடம் பேசுவதை நிறுத்தினான். நான் சாரி அனுப்பினேன். அழுகிற பொம்மையோடு அனுப்பினேன், கும்பிடுகிற கையோடு அனுப்பினேன். நாற்பத்திரண்டு சாரி. எல்லாம் நீல டிக், பதில் இல்லை. என் பெண்ணுக்கு மூன்று வயது முடிவதற்குள் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? இருப்பது ஒரே மாமன். மனைவி என்னைத் திட்டவில்லை. தம்பி பேரைச் சொல்லாமல் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரிடம் சொன்னேன். என் ஃபோனை வாங்கி நாற்பத்திரண்டையும் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இதுல ஒண்ணுலயாவது வலிச்சுதா சார்?”

“கட்டை விரல் வலிச்சுது.”

“ஞாயித்துக்கெழம பண்ருட்டி போறோம். நானும் வரேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்த வார்த்தைய நீங்க சொல்லக் கூடாது.”

அதே ரயில். கடலூருக்கு இறங்க வேண்டிய திருப்பாதிரிப்புலியூரில் எல்லோரும் இறங்க, நாங்கள் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது ஏதோ குற்றம் செய்வது போலிருந்தது. பண்ருட்டியில் மச்சான் கடையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் மூட்டையைப் பார்த்தான். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான். டாக்டர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, பக்கத்துத் தட்டிலிருந்த முந்திரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னத் தொடங்கினார்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் பேச எதுவுமே இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மூட்டை வந்தது, போனது. ஜோக் ஒன்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். கடைசியில், ஒரு வருஷமாக நான் கேட்காத ஒன்று தானாக வந்தது.

“அன்னிக்கு ஏன் மச்சான் முந்திரி போடல?”

மச்சான் தராசை விட்டுவிட்டுத் திரும்பினான்.

“அதுக்கு முந்துன மாசம் பாப்பா இங்க வந்துச்சே மாமா. நான் ஊட்டி உட்ட முந்திரியத் தின்னுட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போய், தூக்கிக்கினு ஓடனமே. மறந்துட்டியா?”

நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் செருப்பில்லாமல் நின்றதுகூட நினைவிருக்கிறது. அதையும் கேசரியையும் சேர்த்துப் பார்க்கிற அளவுக்குத்தான் எனக்கு மூளை இல்லை.

“பாப்பா வருதுன்னுதான் சமையல் மாஸ்டர் கிட்ட எதுலயும் முந்திரி போடாதன்னு சொன்னன். அவரு இன்னா முந்திரிக்காரன் ஊட்லயே இப்புடின்னு கேட்டாரு. போடாதன்னா போடாதன்னன்.”

“சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“நீ கேக்கவே இல்லியே. சாரின்னு அனுப்பிக்கினே இருந்த.”

கண்டிஷன் மறந்துபோனது. “சாரிடா” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் பயந்துபோய் டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு முந்திரியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் லாரியைப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்குத் தெரிந்து அவர் கேட்காமல் விட்ட முதல் சாரி அதுதான்.

மச்சான் கொஞ்ச நேரம் தராசை ஆட்டிக்கொண்டிருந்தான். “காதுகுத்து எப்ப மாமா?” என்றான். “அக்கா கிட்ட நானே பேசறன். மாஸ்டருக்கும் நானே சொல்லிடறன்.” பிறகு மூட்டைப் பக்கம் கையைக் காட்டி, “யாரு இவுரு? தட்டையே காலி பண்ணிட்டாரு” என்றான்.

“டாக்டர்” என்றேன்.

காதுகுத்தில் பெண் மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். மாமனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்தியில் கேசரி வந்தது, முந்திரி இல்லாமல். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். படம் எடுக்கவில்லை.

நாலு மாதம் முன்பு டாக்டருக்குப் பெண்ணாடத்துக்கு மாற்றல் வந்தது. ஆர்டரைக் கொடுத்துவிட்டு மேனேஜர் சாரி என்றாராம்.

“கேட்டீங்களா டாக்டர்?”

“கேக்கல சார். மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது.”

இப்போது எங்கள் பெட்டியில் சாரி தாராளமாகப் புழங்குகிறது. போன வாரம் பரங்கிப்பேட்டையில் ஏறிய ஒருவர் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, “சாரி சார்” என்றார். நான் பழக்கத்தில் எதிர் சீட்டைப் பார்த்தேன். அங்கே யாரோ ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிதித்தவர் பதறிப்போய், “ரொம்ப வலிக்குதா சார்?” என்று கேட்டார்.

காலில் ஒன்றும் இல்லை என்றேன்.