பத்து நிமிஷ மிட்டாய்

சமையலைப் பற்றிப் பேசுகிற ஆண்பிள்ளைக்கு, வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சிஜினுக்குத் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் அடுக்களையில் செய்த ஒரே வேலை, பிரிட்ஜைத் திறந்து பார்த்து, "ஒண்ணும் இல்லியா" என்று கேட்டு மூடுவது. இப்படிப்பட்ட மனுஷன்தான் சர்ச் முற்றத்தில், அதுவும் இருபது பெண்கள் நடுவில் நின்று, பலகாரம் செய்வது பத்து நிமிஷ வேலை என்று சொன்னார்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குக் கொண்டுவருவதை எல்லாம் ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, சேவல், அவித்த முட்டை, பலகாரம் எதுவானாலும் ஏலம்தான். யார் கொண்டுவந்தது என்று மைக்கில் பெயர் சொல்லுவார்கள். அந்த மைக்குக்காகவே சிலர் பக்தியாக இருக்கிறார்கள். யார் என்ன கொண்டுவருவது என்று பெண்கள் சங்கச் செயலாளர் டெல்சி அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருத்தி முந்திரிக்கொத்து, ஒருத்தி அச்சுமுறுக்கு. மாவு இடிக்க ஒரு நாள், சுட ஒரு நாள் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவர் தலையை நீட்டினார்.

"ரெண்டு நாளா? மைக்ரோவேவ்ல வச்சா பத்து நிமிஷம். அண்டிப்பருப்பு மிட்டாய்ன்னு எனக்க பேருல எழுதுங்கோ அக்கா. நானே செய்து கொண்டு வருதேன்."

அண்டிப்பருப்பு என்றால் எங்கள் பக்கம் முந்திரி. டெல்சி அக்கா பதினைந்து வருஷம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவள். அவள் இவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுதினாள்.

எனக்கு வந்த கோபம் பலகாரத்துக்காக மட்டும் இல்லை. அந்த மைக்ரோவேவ் மெஷினைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

மஸ்கட்டில் இருக்கிற என் நாத்தனார் கொடுத்தது அது. அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் ஒரு இரைச்சல். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்ததற்குப் பலனாக, கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். முப்பத்தாறு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, மெஷின் ஆடாமல் இருக்க அடியில் வைத்தார்.

போன மாதம் நான் துணி காயப்போடப் போன நேரத்தில், ரெண்டரை வயது மகள் அபிதா அரிசி டிரம்மில் ஏறியிருக்கிறாள். கையில் இருந்த ஸ்டீல் கரண்டியை மெஷினுக்குள் வைத்து மூடி, பொத்தானை அமுக்கிவிட்டாள். உள்ளே வெல்டிங் பட்டறை மாதிரி நீலமாகப் பொறி பறக்கிறது. பிள்ளை கை தட்டிச் சிரிக்கிறாள். நான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிப் பிள்ளையைத் தூக்கினேன். சாயங்காலம் வந்த அவரிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான்.

அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றே ஒன்று. மெஷின் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. உயரத்தில் வைக்கலாம் என்பார். பிள்ளையும் உயரமாகும் என்பேன். பிளக்கைக் கழற்றி வைக்கலாம் என்பார். பொத்தானை அமுக்கத் தெரிந்தவளுக்குப் பிளக்கை மாட்டவும் தெரியும் என்பேன். நான் பயந்தாங்கொள்ளியாம். ஆமாம், பயம்தான். அவர் வேலைக்குப் போய்விடுகிறார். நாள் முழுவதும் அந்தப் பெட்டியோடும் பிள்ளையோடும் இருக்கிறவள் நான்.

அதனால் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பேச்சு பேசினேன். மிட்டாய் நன்றாக வந்தால் இனி அந்த மெஷினைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வராவிட்டால் அது வெளியே போக வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"வரலேன்னா நானே சொமந்து வெளிய கொண்டு வைக்கேன். போதுமா?"

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அடுக்களை அவர் கைக்குப் போனது. போனில் ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டுகிற வீடியோ. சர்க்கரை, கார்ன் சிரப், வெண்ணெய், பருப்பு, கடைசியில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. கார்ன் சிரப் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன். அவருக்கா யோசனைக்குப் பஞ்சம்? என் அம்மா கொடுத்தனுப்பிய கூப்பனிப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தார். அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சும்போது கருப்பட்டி ஆவதற்கு ஒரு படி முன்னால் தேன் மாதிரி நிற்குமே, அதுதான் கூப்பனி. அபிதாவுக்கு இருமல் வந்தால் சுக்கோடு கொடுப்பதற்காக நான் பத்திரப்படுத்தியது.

"அது பாதி கருப்பட்டி. இன்னும் சூடாக்கினா கல்லாயிரும்" என்றேன்.

"வெள்ளைக்காரி சிரப்பும் வழவழன்னு இருக்கு, இதும் வழவழன்னு இருக்கு. நீ பிள்ளைய கொண்டு முற்றத்துக்குப் போ, ஏட்டி. பயந்த ஆளு பக்கத்துல நின்னா பாகு பதம் வராது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன். அந்த மெஷின் ஓடுகிற அறையில் என் பிள்ளை நிற்க மாட்டாள். அயினிமரத்து மூட்டில், மரத்தடி நிழலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே உர்ர் என்று சத்தம். பிறகு 'பீப்'. மறுபடி உர்ர். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவர் குரல்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு தடவை 'ஒண்ணும் இல்ல' என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஓடினேன். ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கரண்டி சோடா போட்டிருக்கிறார், மொறுமொறுப்பு கூடட்டும் என்று. கூப்பனி நுரைத்துப் பொங்கி, கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து வழிந்து, பாதி வழியில் என்ன நினைத்ததோ, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. கறுப்பாக. பாறை மாதிரி. உள்ளே அங்கங்கே அண்டிப்பருப்பு, வெளியே வர வழி தெரியாமல். நடுவில் கொடிக்கம்பம் மாதிரி என் மரக்கரண்டி. கிண்ணம் வேறு, மிட்டாய் வேறு என்று பிரிக்கவே முடியாது. கத்தியால் தட்டினார். சுத்தியலால் தட்டினார். தேங்காய் உரிக்கிற பாரையைக் கொண்டு வந்து நெம்பினார். பாரைதான் வழுக்கிப் போனது.

தோற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? "ஆறட்டும், செட் ஆவணும்" என்றார். என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மெஷினைத் துடைத்தார். கால் மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். வெண்ணெய் வாங்கப் போகிறாராம்.

சாயங்காலம் மேஜையில் ஒரு தட்டு. தங்க நிறத்தில், கண்ணாடி மாதிரி, ஒரே அளவுச் சதுரங்களாக அண்டிப்பருப்பு மிட்டாய். நாற்பது துண்டு. ஒன்று கூட நெளியவில்லை.

"ரெண்டாவது தடவை வந்துட்டு, பாத்தியா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுப்புச் சாம்பலை வாழைக்குப் போடப் போனேன். வாழை மூட்டில் புது மண். காலால் தள்ளினேன். மரக்கரண்டியின் தலை தெரிந்தது. பக்கத்தில் இருந்த உரச் சாக்குக்குள் களியக்காவிளை பேக்கரி ஒன்றின் காலி அட்டைப்பெட்டி, நாற்பது பிளாஸ்டிக் உறைகளோடு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்திருக்கிறார். என் கிண்ணத்துக்கு அடக்கம், கடைச் சரக்குக்கு ஞானஸ்நானம்!

அப்போதே பெட்டியைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். வைத்தால் என்ன சொல்லுவார் என்று தெரியும். இது கணக்கில் இல்லை, அடுத்த சனிக்கிழமை மறுபடி செய்கிறேன் என்பார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மெஷின் அங்கேயே இருக்கும். பிள்ளை வளர்ந்துகொண்டே வருவாள். அதனால் பெட்டியைத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடத்தியவர் கமிட்டி ஜான்ரோஸ். அவர் கையில் மைக் இருந்தால் பக்கத்து ஊர் சபையும் கேட்கும். "சிஜின் குடும்பம், சொந்தமா வீட்டுல செய்த மிட்டாய்" என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். டெல்சி அக்கா தட்டை ஏலத்தில் எடுத்தாள். ஒரு துண்டைக் கடித்தாள். மென்றாள். இவரைப் பார்த்தாள்.

"எப்படி செய்தே, மக்கா?"

கர்த்தருடைய வீட்டு முற்றத்தில் நின்று என் புருஷன் சொன்ன பதில் என் காதில் இன்னும் எரிகிறது. பாகு கம்பிப் பதம் வரும்போது எடுக்கணுமாம். கையில் ஒரு கணக்கு வேணுமாம். பெண்களுக்கு அந்தப் பொறுமை இல்லையாம். இருபது பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதில் பாதிப் பேர் முந்தின நாள் அச்சுமுறுக்கு சுட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

நான் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் போனேன்.

"அக்கா, இவியளுக்கு இது பத்து நிமிஷ வேலையாக்கும். எங்க வீடு அடுத்த தெருவுலதான. மெஷினை இஞ்ச கொண்டு வந்தா எல்லாருக்கும் இப்பமே செய்து காட்டுவாவ."

ஜான்ரோஸ் இப்படி ஒன்றுக்காகவே காத்திருந்தவர் மாதிரி மைக்கில் அறிவித்தார். நாலு வாலிபர்கள் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேஜை வந்தது. ஒயர் வந்தது. டெல்சி அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு கிலோ அண்டிப்பருப்பு வரவழைத்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

அவர் கிட்டே வந்து மெதுவாக, "என்ன ஏட்டி இது" என்றார்.

"உள்ளதைச் சொல்லிருங்கோ. ஒரு வார்த்தைதான."

சொல்லுவாரா? கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் தெளிந்தது. நேரே போய் ஜான்ரோஸ் கையிலிருந்த மைக்கை வாங்கினார். நான் செய்து காட்டுவது பெரிய காரியமா, இந்த மெஷினையே நான் சபைக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன், இனி நீங்களே செய்து பழகுங்கள் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். போதகர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதை எல்லோரும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பண்டிகை அன்றைக்கு சபைக்கு வருகிற எதுவும் ஏலத்துக்குத்தான். ஜான்ரோஸ் மெஷினையும் ஏலம் போட்டார். டெல்சி அக்காவைத் தாண்டி யாரும் கேட்கவில்லை. அவள் தலைமேல் வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பெருமைப்பட்டுக்கொண்டு வந்தார். நான் அவரை வசமாகச் சிக்க வைக்கப் பார்த்தேனாம். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு யோசனை செய்து தப்பித்துவிட்டாராம். நானும் தோற்று, சபையும் மகிழ்ந்து, அவர் மானமும் நின்றதாம். கான்வென்டில் படித்தால் மட்டும் போதாதாம், மூளை வேண்டுமாம்.

அடுக்களைக்குப் போய் மெஷின் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தேன். காலி. அபிதாவைக் கீழே இறக்கி விட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவள் பின்னால் ஓடாமல் அரிசி களைந்தேன்.

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்தபோது, கேட் சத்தம். டெல்சி அக்கா. அவளுக்குப் பின்னால் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"சிஜினே, மெஷினை மாட்டி வச்சாச்சு. பருப்பும் சர்க்கரையும் ரெடி. மத்த எல்லாரும் எனக்க வீட்டுலதான் இருக்காவ. பாகு பதம் நீ வந்து காட்டித் தராம நாங்க எப்படி பழக?"

அவர் கண்ணை மூடினார். தனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொல்லச் சொல்லி என்னிடம் முனகினார்.

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடெல்லாம் ஒண்ணும் இல்ல அக்கா, இப்பம் வருவாவ" என்று சொல்லி, அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.