பேய்க்கு எத்தனை டிகிரி?

ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குள் பாதிரியார் ஒருவர்தான் நின்றார். வாசலில் ஊரே நின்றது. பேய் வைத்தியர் தவிலாலோ வந்திருக்கிறாரே! கையில் குட்டித் துப்பாக்கி. நெற்றிக்கு நேரே நீட்டினால் போதும், தொடக்கூட வேண்டாம், உள்ளே இருக்கும் பேய்க்கு எத்தனை டிகிரி என்று காட்டிவிடும். எங்கள் சவாயி தீவுப் பேய்கள் இப்போதெல்லாம் டிகிரி இல்லாமல் உலாவுவதில்லை.

மறுநாள் படகுப் போட்டி. துடுப்புக்காரர்களில் ஒருவனுக்குப் பேய் இருந்தாலும் படகு கவிழும் என்று சொல்லிவிட்டார் வைத்தியர். கேப்டனும் தலையாட்டிவிட்டார்.

ஞாயிறு விருந்தை ஊமு என்கிற கல்லடுப்பில் வேகவைப்பது எங்கள் ஊரில் வாலிபர்கள் வேலை. அடுப்படியிலிருந்து நேராக வரிசைக்கு வந்தார்கள். வந்தவனுக்கெல்லாம் பேய்! வைத்தியர் இலைத் தண்ணீரால் நெற்றியைத் துடைத்தார். டிகிரி சரசரவென்று இறங்கியது. கூலி, ஆளுக்கொரு பாய்.

படகின் முன் சீட்டில் துடுப்புப் போடும் மோசோவின் முறை வந்தது.

"முப்பத்தொன்பது! பெரிய பேய். உங்கம்மா பின்னின பாயைக் கொண்டா. இல்லேன்னா படகுல ஏறாதே."

இரண்டு வருஷம் விரல் தேயப் பின்னிய பாய் அது. மோசோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அக்கா பெனினா முன்னால் வந்தாள். மீன் கிடங்கில் வேலை செய்பவள்.

"வைத்தியரே, இதே மாதிரி துப்பாக்கியாலதான் நான் தினமும் சூரை மீனோட குளிர்ச்சியப் பாக்கறேன். ஒரு மீனுக்கும் பேய் வந்ததில்லையே!"

"மீனுக்கு ஏதும்மா பேய்?"

"அதுவும் சரிதான். எங்க அடுப்புல பன்னி வெந்திருக்கு. நல்ல துண்டா நீங்களே எடுத்துக்குங்களேன்."

பன்றி என்றதும் வைத்தியருக்குப் பேய் மறந்துபோயிற்று. நேராக அடுப்படிக்கு நடந்தார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கொதிக்கும் கற்களின் மேல் குனிந்து, இந்தத் தொடையா அந்தத் தொடையா என்று வெகுநேரம் ஆராய்ந்தார். வியர்க்க நிமிர்ந்தபோது பெனினா துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

"முப்பத்தொன்பதரை! ஐயோ, வைத்தியருக்கே பேய்!"

குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"முப்பத்தஞ்சு! எங்க குழாய்க்கு இவ்வளவு சக்தியா?"

ஊரே சிரித்தது. கேப்டன் மட்டும் அசடு வழிய, "டேய் மோசோ, நாளைக்கு முன் சீட்டுல நீதான்டா" என்றார். பாய்கள் எல்லாம் வீடு திரும்பின. வைத்தியர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார், பன்றித் தொடையை மட்டும் விடாமல்.

பாவம், துப்பாக்கி ஒரு பொய்யும் சொல்லவில்லை. சூட்டைச் சொன்னது, அவ்வளவுதான். நாம்தான் நெற்றிக்கு வெளியே எத்தனை டிகிரி என்று வரிசையில் நின்று பார்த்தோம். நெற்றிக்கு உள்ளே இருப்பதை எப்போது ஐயா உபயோகிக்கப் போகிறோம்?