கத்தி கொடுக்கும் வெங்காய ராத்தா

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரையுள்ள கரையில் வெங்காய ராத்தாவைப் போல அழகாகக் குடும்பம் பிரிக்கத் தெரிந்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பார் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. சண்டை போட்டுக்கொண்டு வரும் புருசனுக்கும் பெண்சாதிக்கும் தேத்தண்ணி கொடுத்துப் புத்தி சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து எதிரெதிரே உட்கார வைக்கிறவர், ஊருக்கே அக்காவான இந்த ராத்தா ஒருவர்தான்.

பயப்படாதீர்கள், வெங்காயக் கத்திதான். ஆனாலும் முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கத்திய கையில குடுத்தா மனிசன் கவனமா இருப்பான் தம்பி. கை சும்மா இரிக்கக்கொளதான் வாய் வெட்டும்."

பிரிந்து போகிற தாய் தகப்பன்மாரின் பிள்ளைகள் யாரோடு இருப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது, பெருநாளைக்கு எந்த வீட்டில் சாப்பிடுவது என்று பேசித் தீர்க்க எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு சிறு குழுவை வைத்திருக்கிறார்கள். அதில் பேச்சு வேலை ராத்தாவுக்கு, எழுத்து வேலை எனக்கு. அதனால் அவருக்கு நான் பேனைத் தம்பி. குழுவுக்கென்று மின்விசிறியோடு ஓர் அறையும், நல்ல மேசையும் கதிரைகளும் தந்தார்கள். ராத்தா ஒரே ஒரு நாள் வந்து பார்த்தார்.

"இதுக்குள்ள எப்பிடிக் கதைக்கிற? கதிரையில இருந்தா மனிசனுக்கு முதுகு நிமிரும். முதுகு நிமிந்தா வாய் நீளும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அறையில் கதிரைகள் மட்டும் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துகின்றன. எங்கள் கூட்டம் எல்லாம் கற்பிட்டியில் ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் உள்ள வெங்காயக் கொட்டிலில்தான். ஓலைக் கூரை, மணல் தரை, நடுவில் இடுப்புயரத்துக்குச் சின்ன வெங்காயக் குவியல், சுற்றிவரப் பலகைக்கட்டைகள். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் குந்தியிருந்து தாளும் வேரும் நறுக்க வேண்டும். நறுக்கிக்கொண்டே பேச வேண்டும். கண் எரிந்து தண்ணீர் கொட்டும்.

அந்தத் தண்ணீரில்தான் ராத்தாவின் தொழில் ரகசியம் இருந்தது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் அழுதால் தோற்றுப்போனதாக நினைப்பவர்கள். கொட்டிலில் அந்தக் கவலை கிடையாது. பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது தொண்டை அடைத்தால், "வெங்காயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். மற்றவரும் "ஓம், வெங்காயம்தான்" என்பார். எது வெங்காயக் கண்ணீர், எது சொந்தக் கண்ணீர் என்று ராத்தா கேட்டதே இல்லை.

யாராவது, "நீங்களாவது இவங்களச் சேத்து வைங்க ராத்தா" என்று வந்தால் அவருக்குப் பிடிக்காது.

"நான் சேத்து வைக்கிற ஆள் இல்ல. அதுக்கு உம்மா இரிக்கி, மாமி இரிக்கி, பள்ளிவாசல் தலைவர் இரிக்கிறார். அவங்களெல்லாம் ஏலாம விட்ட பொறகுதானே என்னட்ட வாறீங்க? நான் பிரிச்சு வைக்கிறவ. ஆனா, புள்ளட மனசு கிழியாமப் பிரிப்பன்."

ஊர் வாய் சும்மா இருக்குமா? ராத்தாவின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் காலத்தில்தான் குடும்பங்கள் கூடுதலாகப் பிரிகின்றன என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மாமா, சாச்சா, மச்சான், மச்சானின் மச்சான். ராத்தா முகம் கோணவில்லை. "வாங்க, வாங்க" என்று எல்லாருக்கும் கத்தி கொடுத்தார். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் தொடங்கிய நியாயம் பின்னேர அஸருக்குள் அரைக் குவியலோடு முடிந்துபோயிற்று. ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேனுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் மிச்சம்.

"இப்ப சரி," என்றார் ராத்தா. "இனிக் கதைப்பம்."

போகும்போது வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு பிடி வெங்காயம் கட்டிக் கொடுத்தார். எனக்கும்தான். அப்படியே வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே மறித்து, "நீங்க கூட்டத்துக்குப் போறீங்களா, கூலிக்குப் போறீங்களா?" என்று கேட்பாள். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக அனுமதி.

கொட்டிலில் இன்னொரு சட்டமும் இருந்தது. "என்ட புள்ள" என்று யாரும் சொல்லக்கூடாது. பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். தவறினால் இன்னொரு கூடை வெங்காயம். இந்தச் சட்டத்தை நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் என்ட புள்ள, என்ட புள்ள என்று கத்திய மனிதர் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் குரல் தானாக இறங்குவதைப் பல தடவை கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட ராத்தாவும் ஒரு தடவை சறுக்கினார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பள்ளிவாசல்துறையில் படகு வைத்திருக்கும் றிஸ்வானும், கனமூலைத் தோட்டக்காரர் மகள் பஸ்மிலாவும் பிரிவது என்று முடிவெடுத்து வந்தார்கள். ஒரே மகள் ஹனா, முதலாம் வகுப்பு. மகள் கனமூலையில் உம்மாவோடு இருப்பது, வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவோடு இருப்பது என்று சீக்கிரமே பேசி முடிந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் மீன்காரர்கள் வெள்ளியில் கடலுக்குப் போவதில்லை. ஆகவே வாப்பாவுக்கு வெள்ளி என்பது எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. ராத்தா தலையாட்டினார். நான் என் கையெழுத்தை நானே மெச்சிக்கொண்டு எழுதினேன். இரண்டு பேரும் கையொப்பம் வைத்து, ஆளுக்கொரு பிடி வெங்காயத்தோடு போனார்கள்.

கொஞ்ச நாளில் சோளகக் காற்றுத் தொடங்கியது. இந்தக் கரையில் கடல் கொந்தளித்தால் படகுகள் கிழக்குக் கரைக்குப் போய்விடும். அங்கே வாடி போட்டு, அதாவது கடற்கரையில் குடில் கட்டித் தங்கி, காற்று மாறும்வரைக்கும் தொழில் செய்வார்கள். கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கொட்டிலில் இருந்த எங்கள் எவருக்கும் அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

ஒரு நாள் பஸ்மிலா தனியாக வந்தாள். பலகைக்கட்டையில் உட்காரக்கூட இல்லை.

"ராத்தா, வெள்ளிக்கு வெள்ளி ஹனா பெருநாள் சட்டையப் போட்டுட்டு கேட்டடியில நிக்கிறா. உள்ளுக்கு வாறா இல்ல. வாப்பாக்கு நான் வேணாமா எண்டு கேக்கிறா. இப்ப சோறும் சரியாத் தின்றா இல்ல."

ராத்தாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. உடனே றிஸ்வானுக்குத் தொலைபேசி எடுத்தார். நாலாம் நாள், பஸ்மிலாவும் வந்து காத்திருக்க, அவன் பஸ் மாறி மாறி, கருவாட்டு வாசத்தோடு வந்து சேர்ந்தான். கத்தியைக் கையில் எடுத்தும் வெங்காயத்தைத் தொடவில்லை.

"வாடிக்குப் போறத அண்டைக்கே ஏன் தம்பி செல்லல்ல?" என்று அவனைக் கேட்டார் ராத்தா.

"எப்பிடி ராத்தா செல்ற? வருசத்துல பாதி நாள் ஊர்ல இல்லாதவனுக்கு ஆரு ஹனாவத் தருவாங்க? வெள்ளியும் இல்லாமப் போயிடும் எண்டு பயந்துதான் வாயப் பொத்திட்டு இருந்தன்."

ராத்தா பஸ்மிலா பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியும்தானே புள்ள?"

"தெரியாதா? கலியாணம் முடிச்ச காலந்தொட்டு வாடிக்குச் சாமான் கட்டிக் குடுத்ததே நான்தானே. இவராச் செல்லுவார் எண்டு பாத்துட்டு இருந்தன். இவர் செல்லல்ல. எனக்கும் ரோசம்."

ராத்தா எழுந்தார். குவியலிலிருந்து ஒரு கூடையை நிரப்பிக்கொண்டு வந்து தன் முன்னாலேயே வைத்தார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ரோசம், பயம். எனக்கு என்ன வந்தது? மீன்காரன் ஊர்ல இருந்துட்டு காத்த மறந்துட்டன். இது என்ட கூடை." சொல்லிவிட்டு நறுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த றிஸ்வான் அந்தக் கூடையில் கைவைத்தான். பிறகு பஸ்மிலாவும்.

அந்தக் கூடை முடிவதற்குள் புதிய ஏற்பாடும் முடிந்தது. படகு இந்தக் கரையில் நிற்கும் காலத்தில் ஹனா வியாழன் பின்னேரம் தொடங்கிச் சனிக்கிழமை வரைக்கும் பள்ளிவாசல்துறையில். வாடிக் காலத்தில் பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாப்பாவின் தொலைபேசி. மகளிடம் கொடுக்க முன்னம், அன்றைய செய்தியைப் பஸ்மிலா சொல்ல வேண்டும். என்ன தின்றாள், யாரோடு கோபம், எந்தப் பல் ஆடுகிறது என்று எல்லாம்.

"இல்லாட்டி வாப்பாக்காரன் என்னத்தக் கதைக்கிற? சாப்பிட்டியா, படிச்சியா எண்டு கேட்டா புள்ள ரெண்டு நாளையில ஓடிடும்," என்றார் ராத்தா.

நான் பேனையை உயர்த்தி, வழக்கம்போல் என் சந்தேகத்தைக் கேட்டேன். "வாடிக் காலம் முடியிறது எந்தத் திகதி எண்டு எழுத, ராத்தா?"

"படகு திரும்புறண்டைக்கு!"

சொன்னது ராத்தா இல்லை. றிஸ்வானும் பஸ்மிலாவும் ஒரே மூச்சில், ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள். ராத்தாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா பேனைத் தம்பி? இப்பதான் இவங்க ஒழுங்காப் பிரியப் பழகுறாங்க."

படகு திரும்புகிற அன்றைக்கு என்றே எழுதினேன். அதைவிடச் சரியான திகதி நான் எழுதியதில்லை.

வாடைக் காற்று வீசத் தொடங்கி, படகுகள் திரும்பின. ஹனாவைக் கையளிக்கும் இடம் கொட்டில்தான் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் நானும் போயிருந்தேன். பஸ்மிலா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். றிஸ்வான் வாசலில் நின்றான். ஹனா ஓடவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

றிஸ்வான் குந்தினான். "எங்க, கீழ்ப் பல்லு? நேத்து விழுந்திட்டாம். ஒங்கட கூட்டாளி நஸ்லியாக்கு முந்தி விழுந்தது எண்டு வகுப்பெல்லாம் சென்னீங்களாமே?"

ஹனாவின் கண் விரிந்தது. "வாப்பாக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். ஒங்கட உம்மா செல்லுவா."

அவள் வாயை ஆவென்று திறந்து ஓட்டையைக் காட்டிக்கொண்டே அவன் கழுத்தில் போய் விழுந்தாள். பஸ்மிலா பையை அவன் பக்கத்தில் வைத்து, "ராவைக்குப் பால் குடுக்காம இரிக்க வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனாள். வாப்பாவும் மகளும் கடற்கரைப் பக்கம் போனார்கள். பிரிந்துதான் போனார்கள். ஆனால் எதுவும் கிழியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம், தம்பி," என்றார்.

அந்தப் போகத்து வெங்காயம் எல்லாம் போன மாதமே லொறி ஏறிப் போயிருந்தது. கொட்டிலில் கூட்டித் துடைத்த மணல் மட்டும்தான் கிடந்தது.

"ஓம் ராத்தா," என்றேன். "எனக்கும் நல்லா எரியுது."