அகதியின் பெட்டியில் எடைக்கல்

யுத்தப் படங்கள் அதிகம் பார்த்தவனிடம் ஒரு நாடகத்தை ஒப்படைக்கவே கூடாது. எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரித் தமிழர்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். ஆண்டுவிழா நாடகத்தை என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது நான் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. ஞாயிறுதோறும் படகேறி எர்ணாகுளம் போய், திரைப்படச் சங்கத்தில் கறுப்பு வெள்ளை யுத்தப் படங்கள் பார்த்துவிட்டு வருவேன். (புரிந்ததா என்று கேட்காதீர்கள்.) அவற்றில் அகதி என்றால் இஸ்திரி போட்ட கோட்டு, கையில் தோல் பெட்டி, சுற்றிலும் மூடுபனி. நாடே பற்றி எரியும். கதாநாயகியின் தலைமுடி மட்டும் கலையாது. பசிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "பிரிகிறேன்" என்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிரமாதமாகவே இருந்தது. ஒரே ஒரு குறைதான் கண்ணை உறுத்தியது. வீட்டையே காலி செய்துகொண்டு ஓடுகிறவர்கள், பெட்டியைக் காலித் தூக்குவாளி மாதிரி வீசிக்கொண்டு நடந்தார்கள்.

என் நாடகத்தில் அந்தப் பொய் கூடாது என்று, கிடங்கின் எடைக்கற்களைப் பெட்டிகளில் நிரப்பினேன். காரணம் கலை மட்டுமல்ல. முன்வரிசையில் பாலக்காட்டிலிருந்து வசந்தாவும் அவள் அப்பாவும் வந்து உட்காரப் போகிறார்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையை முடிவு செய்வதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த மாப்பிள்ளை நான்தான். வசந்தாவைப் பெண் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிய சுமைத் தொழிலாளர் தலைவர் அந்தோணி சேட்டன், ஒன்றை அசைத்துப் பார்த்தார்.

"மோனே, இது மேடைக்குப் போகணும்னா எங்க யூனியன் ஆளுதான் எடுக்கும்."

"சேட்டா, இது நாடகம்! அகதிங்கதான் தூக்கணும்."

"நாடகமோ சினிமாவோ, பெட்டியில பாரம் உண்டோ இல்லியோ?"

உண்டே! நான்தானே நிரப்பினேன். (தவிர, என் அகதிகளில் ஒருவனாலும் அதை அசைக்க முடியவில்லை.)

திரை உயர்ந்தது. தலையில் சிவப்புத் துண்டும் அதன்மேல் பெட்டியுமாகச் சேட்டன்மார் முன்னே நடக்க, கோட்டு போட்ட அகதிகளாகிய நாங்கள் கைவீசிக்கொண்டு பின்னால் போனோம். கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள்கூட அத்தனை ஒய்யாரமாக நடந்திருக்க மாட்டார்கள்.

எல்லைக் காவல் அதிகாரியாக நடித்தவன் என் நண்பன் மணி. மூங்கில் துப்பாக்கியை நீட்டி, "எங்கே பேப்பர்?" என்று அதட்டினான். அந்தோணி சேட்டன் மடியிலிருந்து தொழிற்சங்க அட்டையை எடுத்துக் காட்டினார். மணி பாவம், மனப்பாடம் செய்ததை விடாமல் சொன்னான். "அனுமதி இல்லை. திரும்பிப் போங்கள்!"

"திரும்பியோ? கொண்டுவந்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோற ஏர்ப்பாடு எங்க யூனியன்ல இல்லா!"

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தொப்பென்று இறக்கினார். பலகை முறிந்து எல்லைக் கதவு சாய்ந்தது. அரங்கில் பாதிப் பேர் கிடங்குத் தொழிலாளிகள். "இன்குலாப் சிந்தாபாத்!" என்று கூரை அதிர எழுந்துவிட்டார்கள். மணி துப்பாக்கியைக் கீழே போட்டுக் கை கூப்பினான். "எல்லாரும் உள்ள வாங்க சேட்டா" என்றான். "தாயகமே, பிரிகிறேன்" என்று நான் ஆரம்பித்த வசனம் எனக்கே கேட்கவில்லை. வசந்தா தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பிறகு அவள் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். நான் அவசரமாகக் கோட்டைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்தத் துப்பாக்கிப் பையன் யாரு? எதிர்ப்பு பெரிசுன்னு தெரிஞ்சதும் சட்டுனு கையைக் கூப்பினான் பாருங்க. குடும்பம் நடத்த அவன்தான் சரிப்படுவான்."

தை மாதம் மணிக்கும் வசந்தாவுக்கும் கல்யாணம். எனக்கு வலிக்கத்தான் செய்தது. பாயசத்தை மட்டும் விடவில்லை.

எனக்கும் பிறகு கல்யாணமாயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி காபியைக் கையில் கொடுத்தபடியே இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். மணியும் வசந்தாவும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் கவலைப்பட மாட்டாள்.

"பாலக்காட்டு எல்லையிலேயே இவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான்தான் பாவம்னு அடைக்கலம் கொடுத்தேன்."