புதுச் சாரனில் ஓடிய சைக்கிள்

ஐம்பதுகளில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடிய சைக்கிள்களில் பாதி, ஒட்டுக் காக்கா உயிரோடு இருந்ததால்தான் ஓடின. மற்றப் பாதி அவருக்குப் பயந்து ஓடின.

சாய்ந்தமருதில் ரோட்டோரப் பூவரச மரத்தடியில் டியூப் ஒட்டுவது அவர் தொழில். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; மூத்த ஆம்பிளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சைக்கிளைக் கொண்டுபோனால் முதலில் விசாரணைதான். எங்கே போனாய், எத்தனை பேரை ஏற்றினாய், பள்ளத்தைக் கண்டும் ஏன் இறக்கினாய்? உண்மை வரும்வரை கை வைக்கமாட்டார். ஒருமுறை தபால்காரரின் கிழிந்த சைக்கிள் சீட்டுக்குக் கருவாட்டுச் சாக்கை வைத்துத் தைத்துவிட்டார். மனிசன் ஒரு மாதம் பூனைகள் புடைசூழக் கடிதம் கொடுத்தார்.

என் நிக்காஹ் மருதமுனையில். பெண்ணின் தாய்மாமனுக்கு என்னில் விருப்பமில்லை. பின்னேரத்து அசர் தொழுகைக்குள் மாப்பிள்ளை வராவிட்டால் தன் மகன் இருக்கிறான் என்று சொல்லி, மகனுக்கு வெள்ளைச் சட்டையும் போட்டு இருத்தியிருந்தார்.

எனக்கோ புதுச் சைக்கிள் வாங்கிய கொழுப்பு. வீட்டாரையெல்லாம் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, சைக்கிளில்தான் போவேன் என்று நின்றேன்.

"புதுச் சைக்கிள நம்பாதடா தம்பி, நானும் வாறன்" என்று ஒட்டுக் காக்கா கரியரில் ஏறிக் குந்திக்கொண்டார். புதுச் சட்டை, புதுச் சால்வை, இடுப்பில் புதுச் சாரன். அவரை அப்படி நான் கண்டதே இல்லை.

வழியில் பாண்டிருப்புக்கூடத் தாண்டவில்லை, பின் டியூப் வெடித்தது. வால்வோடு கிழிந்துபோயிற்று. அடுத்த பஸ் எப்போது வருமென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒட்டுகிற சொலிசன் இருக்கா என்று கேட்டேன்.

"கலியாண ஊட்டுக்கு ஆருடா சொலிசன் கொண்டு போற?"

அழாக்குறையாக நின்ற என்னை ஒரு பாட்டம் ஏசிவிட்டு, விரலாலேயே டயரைக் கழற்றினார். டியூபை எறிந்துவிட்டுச் சால்வையை முறுக்கி உள்ளே திணித்தார். போதவில்லை. சட்டையைத் திணித்தார். அதுவும் போதவில்லை. சாரனில் கை வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், புதுச் சாரன் டயருக்குள்; இடுப்பில், மரத்தடியில் எந்நாளும் கட்டும் அதே பழைய எண்ணெய்ச் சாரன். புதுசு இடுப்பில் நிற்காது, அதற்காகப் பழசுக்கு மேலால் கட்டினேன் என்றார்.

தான் ஏறினால் ரிம் வளையுமாம். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடி வந்தார். தாய்மாமன், தன் மகனை மாப்பிள்ளை இடத்துக்கு எழும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பந்தலுக்குள் நுழைந்தேன்.

நிக்காஹ் முடிந்து சகன் வைத்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் ஒட்டுக் காக்காவின் இடம் மட்டும் காலி. எழும்பிப் போய்ப் பார்த்தேன். வேலிக்கு வெளியே, பெனியனும் எண்ணெய்ச் சாரனுமாக என் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இந்தக் கோலத்தில நான் வந்தா உன்னப் பாத்துத்தான்டா சிரிப்பாங்க. நீ போய்த் தின்னு."

கூட இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சகனைத் தூக்கி வந்து, அவர் முன்னால் மணலில் வைத்து உட்கார்ந்தேன். மாமனார் பதறி ஓடி வந்தார். மாப்பிள்ளை மணலில் இருப்பதா, இவர் ஆர் என்று கேட்டார்.

"என்ட காக்கா" என்றேன்.

என் உம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் கூடப் பிறந்தவர் எனக்கு இல்லை என்று அன்றைக்குப் பிறகு நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.